பத்து நிமிட இருள்

திரைக்காப்பு என்றதும் விண்டோஸின் வண்ணக் குழாய்களை நினைப்பவர் பலர். அதன் பழைய வடிவம் வெறும் இருளே. கதிர்க்குழாய்த் திரையின் உட்புறப் பாஸ்பர் பூச்சு, ஒரே எழுத்து ஒரே இடத்தில் நெடுநேரம் ஒளிர்ந்தால் தேய்ந்து, அதன் தடத்தை நிலையாக ஏற்றுவிடும். நாள்முழுதும் ‘லாகின்’ என்று காத்துக் கிடந்த யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கு இவ்விடர் மிகுதி.

1996இல் பெங்களூரைச் சேர்ந்த அதுல் சிட்னிஸின் முயற்சியால் ‘பிசி குவெஸ்ட்’ இதழ் லினக்ஸ் குறுவட்டை வாசகரிடம் சேர்த்தது. இணையம் அரிதாயிருந்த அக்காலத்தில் லினக்ஸ் பலருக்கும் அறிமுகமான வழி அதுவே. அதன் எழுத்துமுனையம், பத்து நிமிடம் விசை தொடப்படாவிடில் தானே கறுத்துவிடும். ஷிஃப்ட் விசையைத் தொட்டால் மீளும். இதனை அறியாதவர் கணினி உறைந்துவிட்டதெனக் கருதி மின்பொத்தானை அழுத்தினால் வினை பெரிது. அன்றைய ‘ஈஎக்ஸ்டி2’ கோப்புமுறைமைக்கு மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் வசதி இல்லை. வட்டில் எழுதப்படாதவை தொலையும், மறுதொடக்கத்தில் வட்டுச் சோதனை நெடுநேரம் நீளும். இத்தனைக்கும் தீர்வு ஒரு வரிதான்: ‘செட்டெர்ம்’ கட்டளையில் ‘பிளாங்க்’ மதிப்பைச் சுழியமாக்குதல்.

ஃப்ரீபிஎஸ்டி இதனைச் சற்றுக் களிப்புடன் அணுகியது. அங்குத் திரைக்காப்பு என்பது கருவகத்தில் ஏற்றப்படும் கூறு. ‘ஆர்சி.கான்ஃப்’ கோப்பில் ‘சேவர்’ என்பதற்கு ‘டீமன்’ என எழுதினால் எழுத்துகளாலான குட்டிப் பூதம் திரையில் உலவும். ‘ஸ்நேக்’ எனில் பாம்பு நெளியும். ‘கிரீன்’ எனில் திரையே மின்சேமிப்பு நிலைக்குச் செல்லும். காத்திருப்பு நேரத்தை ‘பிளாங்க்டைம்’ நொடிகளில் குறிக்கும். இயல்பு மதிப்பு 300. மறைப்பது வேறு, பூட்டுவது வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: இவை எவையும் கடவுச்சொல் கேட்பதில்லை.

2001இல் தொடங்கிய ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாடு, 2005இல் ‘ஃபாஸ்.இன்’ எனப் பெயர் மாறியது. ஒக்கலிபுரத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் டாடா அரங்கும் தொடக்க ஆண்டுகளில் அதற்கு இடமளித்தது. அதற்குள் வரைகலைத் திரையே வழக்காகிவிட்டிருந்தது. எழுத்துமுனையம் சேவையகங்களின் அறைக்குள் ஒதுங்கியது. அங்கோ இருள் வேறுவகை இடையூறு. இயந்திரம் நள்ளிரவில் உறைந்தால், கறுத்த திரையில் பிழைச்செய்தியைப் படிக்க வழியிராது.

தட்டைத் திரைகள் வந்தபின் பாஸ்பர் தேயும் கவலை பெரிதும் குறைந்தது. 2017இல் வெளிவந்த லினக்ஸ் 4.12 கருவகத்தில், பத்து நிமிட இயல்பு மதிப்பு சுழியமாயிற்று.