எண்பதுகளின் பத்து ஆல்பங்கள்: பட்டியல் போட முடியாமல் போன கதை

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு போட்டி வைத்தார்கள். எண்பதுகளில் வந்த தமிழ்ப் பட ஆல்பங்களில் நமக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். எல்லாருடைய பட்டியலையும் கூட்டி, அந்தப் பத்தாண்டின் முதல் ஆல்பம் எது என்று அறிவிப்பார்களாம். "சார், நீங்களும் கட்டாயம் ஓட்டுப் போடணும்" என்று ஒரு மாணவர் எனக்குத் தனியாகவும் செய்தி அனுப்பினார். மாணவர் என்கிறேன், அவருக்கே இப்போது பேத்தி இருக்கிறாள்.

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆகியும் பட்டியல் முடியவில்லை. நூறு பாட்டு சொல்லுங்கள் என்றால் மூச்சு விடாமல் சொல்வேன். பத்து ஆல்பம் என்றதும் கை நின்றுவிடுகிறது. முப்பது வருடம் வரலாறு நடத்தியவனாயிற்றே, ஏன் இப்படி என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆல்பம் என்ற சொல்லையே பார்ப்போம். எண்பதுகளில் எங்கள் ஊரில் ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம். பாட்டுக்கு அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள், இசைக்கு அந்தப் பெயர் வந்ததே போட்டோ ஆல்பத்தைப் பார்த்துத்தான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான் பிடிக்கும். பெரிய சிம்பொனி ஒன்றைக் கேட்க நாலைந்து தட்டு வேண்டும். அவற்றை உறைகளில் போட்டு, போட்டோ ஆல்பம் மாதிரி புத்தகமாகத் தைத்து விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பி ரெக்கார்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியதால், பல தட்டில் இருந்தது ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போனது, பெயர் மட்டும் நின்றது.

மேல்நாட்டு ரசிகர்கள் அறுபதுகளிலிருந்து அந்த எல்பியை முழுதாக, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டுப் பழகியவர்கள். பத்தாண்டின் சிறந்த ஆல்பம் எது என்ற கேள்வி அவர்களுக்கு இயல்பாக வரும். நாம் கேட்ட விதம் வேறு.

நமக்கு முதலில் வந்தது ரேடியோ. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அதே ஆண்டின் கடைசியில் அங்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா இந்தியில் தொடங்கியது. ரெக்கார்டு விற்பனையையும் நேயர்கள் அனுப்பிய கருத்தையும் வைத்துப் பாட்டுகளுக்கு வாராவாரம் வரிசை எண் கொடுத்தார்கள். ஆண்டுக் கடைசியில் அந்த வருடத்துக்கான பட்டியலும் உண்டு. நம் நாட்டில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. தமிழ்ச் சேவையில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று குரலாலேயே நமக்கு உறவானவர்கள் இருந்தார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்த பிறகு நம் நிலையங்களும் விழித்துக்கொண்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேயர் விருப்பத்துக்குப் போட்ட ஓட்டு எல்லாமே பாட்டுக்குத்தான். பதினைந்து பைசா போஸ்ட் கார்டில் ஒரு பாட்டைக் கேட்டு எழுதுவோம், நம் பெயரும் ஊரும் வாசிக்கப்படுமா என்று காத்திருப்போம். ஒரு படத்தின் ஐந்து பாட்டையும் வரிசையாகப் போடுங்கள் என்று எழுதிய ஆளை நான் கண்டதில்லை.

ரேடியோவுக்கு அடுத்து கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாலும், நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது எண்பதுகளின் தொடக்கத்தில்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் ஒரு தெருவுக்கு ஒன்றாவது இருந்தது. கூடவே ஒவ்வொரு கடைவீதியிலும் ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. கடையில் தடித்த நோட்டு ஒன்று கிடக்கும். படத்தின் பெயர், பாட்டு, பாடியவர் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். நாம் ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்துக் காசு கட்டிவிட்டு வந்தால், ரெண்டு நாளில் கேசட் தயார். சட்டப்படி பார்த்தால் அது திருட்டுத்தான். அன்று எங்களில் யாரும் அப்படி நினைக்கவில்லை.

60 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். சராசரியாக நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு, ஏழு பாட்டு பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் இருக்க, முடிவில் சின்னப் பாட்டாகப் பார்த்துப் போடுவார் கடைக்காரர். யோசித்துப் பார்த்தால் எண்பதுகளில் நாங்கள் நிஜமாக ஓட்டுப் போட்டது அந்தத் துண்டுத் தாளில்தான். கைக்காசு போட்டு, இடம் பார்த்து, ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை அடித்து எழுதிய தேர்தல் அது.

கம்பெனி கேசட்டிலும் பல நேரம் இதே கணக்குதான். ஒரு படத்தின் ஐந்து பாட்டு 22, 23 நிமிடம் வரும். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதனால் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் இன்னொரு படம். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் அப்படிக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, ஒரு படத்தின் கடைசிப் பாட்டு முடிந்தால் அடுத்த படத்தின் முதல் பாட்டு மனதில் தானாக ஓடும்.

இப்போது எங்கள் குழுவின் பட்டியல்களுக்கு வருகிறேன். முதல் மரியாதை, சிந்து பைரவி, மௌன ராகம், நாயகன், அக்னி நட்சத்திரம் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே பெயர்களைத்தான் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் இளையராஜா. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1976இல் அன்னக்கிளி. 1987இல் வந்த நாயகன் அவருடைய 400ஆவது படம். பதினொரு வருடத்தில் 400 என்றால், ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு படம். அந்த 400இல் இன்று படமாக நம் நினைவில் நிற்பது எத்தனை? ஓடாத படத்துக்குள் ஒரே ஒரு அபாரமான பாட்டு உட்கார்ந்திருக்கும். பாட்டுக்கு ஓட்டு என்றால் அது ஜெயிக்கும். ஆல்பத்துக்கு ஓட்டு என்றால் டெபாசிட் போய்விடும். ஆல்பம் பட்டியல் என்ற பெயரில் நாம் எழுதுவது, நல்ல பாட்டும் இருந்து நன்றாகவும் ஓடிய படங்களின் பட்டியல்.

மற்றவர்களின் நிலைமை இன்னும் மோசம். 1980இல் எம்.எஸ். விஸ்வநாதனின் வறுமையின் நிறம் சிவப்பு. 1982இல் பாரதியார் பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் இசையமைத்த ஏழாவது மனிதன். 1983இல் டி. ராஜேந்தரின் உயிருள்ளவரை உஷா. 1984இல் வி.எஸ். நரசிம்மனின் அச்சமில்லை அச்சமில்லை. 1986இல் மனோஜ் கியான் இசையமைத்த ஊமை விழிகள். 1987இல் சந்திரபோஸின் மனிதன். அந்தந்த வருடம் ஊரே கேட்ட பாட்டுகள் இவற்றில் உண்டு. எங்கள் குழுவில் ஒன்றுக்குக்கூட இரண்டு ஓட்டுக்கு மேல் விழவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எண்பதுகளில் இளையராஜா ஆல்பமாகவே நினைத்துச் செய்தது 1986இல் வந்த ஹவ் டு நேம் இட். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியது. படமே கிடையாது என்பதால், பட ஆல்பம் போட்டியில் அதற்கு இடமே இல்லை!

பத்தாண்டு என்ற எல்லைக்கோடும் சிக்கல்தான். ஒருவர் தளபதியை எழுதிவிட்டார். அது 1991 என்று இன்னொருவர் அடித்தார். பெரிய சண்டை. இது நம் ஊர்ச் சண்டை மட்டுமில்லை. 1989இல் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எண்பதுகளின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது, த கிளாஷ் குழுவின் லண்டன் காலிங். அது இங்கிலாந்தில் வெளியானதோ 1979 டிசம்பரில். அமெரிக்காவுக்கு 1980 ஜனவரியில்தான் வந்தது. அவர்கள் கடையில் எப்போது வந்ததோ அதுவே அவர்களுக்குக் கணக்கு.

நம் காதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ் இசையில் தொண்ணூறுகள் தொடங்கியது 1992 ஆகஸ்ட் 15, ரோஜா வந்த அன்றுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் அதே வருடம் தீபாவளிக்கு வந்த தேவர் மகன் எந்தப் பத்தாண்டு? இந்தக் கேள்வி தேசிய விருது நடுவர்கள் முன்னாலும் வந்து நின்றது. இரண்டு படங்களுக்கும் ஓட்டு சமமாக விழ, தலைவராக இருந்த பாலு மகேந்திரா தன் ஓட்டை ரோஜாவுக்குப் போட்டார். மூடுபனியிலிருந்து இளையராஜாவோடு தொடர்ந்து படம் செய்தவர் அவர். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு முதல் படத்திலேயே விருது. சில நேரம் ஒரு பத்தாண்டு இன்னொன்றுக்கு வழிவிடுவது ஒரே ஒரு ஓட்டில் முடிந்துவிடுகிறது.

சரி, கூட்டம் கூட்டமாக ஓட்டுப் போட்டால் நியாயம் கிடைக்குமா? 2002இல் பிபிசி உலகச் சேவை தன் எழுபதாவது ஆண்டுக்காக உலகின் மிகப் பிரபலமான பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். வென்றது அயர்லாந்தின் பழைய தேசியப் பாட்டு ஒன்று. தளபதி படத்தின் பாட்டுக்கு நான்காம் இடம். பத்தாம் இடத்தில்தான் குவீன் குழு. நாம் அன்று சந்தோஷப்பட்டது சரிதான். ஆனால் அந்த வரிசை சொல்வது உலகம் எதைக் கேட்டது என்பதை அல்ல. எந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் ஒன்றுசேர்ந்து வாக்களித்தார்கள் என்பதைத்தான். உலகமெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஒரு பாட்டுக்காகக் கைதூக்கிய கணக்கு என்று வைத்துக்கொண்டால் அதுவும் நல்ல வரலாற்று ஆவணமே.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் என் அக்கா. போட்டிச் செய்தியை அவரிடம் படித்துக் காட்டினேன். எழுபத்தாறு வயது. என்னைவிட இரண்டு மடங்கு பாட்டு தெரியும். "படம் பேரெல்லாம் எனக்கு என்னடா தெரியும்?" என்றார். உண்மைதான். அன்று எங்கள் தெருவில் பெண்பிள்ளை ரேடியோவுக்குக் கார்டு போட்டு, பெயர் ஊருக்கெல்லாம் கேட்டுவிட்டால் வீட்டில் ரகளை நடக்கும். ரெக்கார்டிங் சென்டர் வாசலில் பெண்கள் நின்று நான் பார்த்ததில்லை. சினிமாவுக்கும் அப்பா விட்டால்தான். பக்கத்து வீட்டு ரேடியோவும், கோயில் கொடைக்குக் கட்டும் குழாயும்தான் அக்காவுக்கு. யாரோ தேர்ந்தெடுத்த பாட்டை அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவர்.

"உனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு சொல்லுக்கா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பாட்டை முழுதாகப் பாடினார், ஒரு சொல் பிசகாமல். எந்தப் படம் என்று எனக்கும் தெரியவில்லை. பேரன் யூடியூபில் தேடி எடுத்துக் கொடுத்தான். குழுவில் யாருமே எழுதாத ஒரு படம். அக்கா வெள்ளித்திரையில் அதைப் பார்த்ததே இல்லை.

அந்தப் படத்தையே முதல் இடத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். மீதி ஒன்பதைக் காலியாக விட்டேன். செல்லாத ஓட்டு என்று சொல்லிவிட்டார்கள், பரவாயில்லை.

பட்டியல் போடுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. போடுங்கள், சண்டையும் போடுங்கள். ஆனால் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்தப் பாட்டை எங்கே, எதில், யார் வைத்துக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். டீக்கடையா, டவுன் பஸ்ஸா, ரெக்கார்டிங் கேசட்டா, பக்கத்து வீடா? ஐம்பது வருடம் கழித்து ஒருவர் நம் காலத்தை அறிய விரும்பினால், முதல் இடம் எதற்கு என்பதைவிட அந்தக் கட்டம்தான் அதிகம் சொல்லும்.

உங்கள் வீட்டில் ஓட்டே போடாத ஒருவர் இருப்பார். இன்று அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் பாட்டைக் கீழே எழுதுங்கள். படம் பெயர் தெரியாவிட்டாலும் சரி, நாம் சேர்ந்து தேடிக்கொள்ளலாம்.