பதில் மனு

ஆரணியில் ஒரு பட்டுச் சேலை தறிக்கு வருவதற்கு முன்பே பெண்களின் கைகளைக் கடந்துவிடுகிறது. பட்டு இழைப்பதும் ராட்டையில் தார் சுற்றுவதும் அறுந்த இழையைப் பிணைப்பதும் வீட்டுப் பெண்களின் வேலை. தறியில் உட்கார்ந்து நெய்கிற பெண்களும் உண்டு. ஆனால் சங்கத்துக் கணக்கோ முதலாளி வீட்டு நோட்டோ, நெசவாளி என்று அதில் எழுதப்படுவது பெரும்பாலும் ஆணின் பெயர். கூலியும் அவன் கையில்தான் சேர்கிறது. 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்று சொன்னது. கணக்கெடுப்பில் தெரிகிற இந்தப் பெண் வீட்டுக் கணக்கில் தெரிவதில்லை.

அப்படி ஒருத்தியின் வீட்டு வாசலில் ஒரு நாள் நீதிமன்ற அமீனா அழைப்பாணையோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவன் விவாகரத்து கேட்டு மனுப் போட்டிருக்கிறான். அவன் மனுதாரர், அவள் எதிர்மனுதாரர். காரணமில்லாமல் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், அழைத்தும் வரவில்லை, மாமியாரை மதிக்கவில்லை என்று பத்தி பத்தியாக அவளுடைய மணவாழ்வு அவன் வாயால் எழுதப்பட்டிருக்கிறது. வக்கீல் வைக்கப் பணமில்லை. பதில் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றும். வீட்டிலும் அதையே சொல்வார்கள்: கோர்ட்டுப் படி ஏறுவது குடும்பத்துக்கு அவமானம்.

அந்தப் படியில் ஏறி நின்று பதில் சொன்ன பெண்களின் வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1884இல் பம்பாயில் தாதாஜி பிகாஜி என்பவர், தன் மனைவி ருக்மாபாய் தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். சிறுமியாக இருந்தபோதே செய்துவைக்கப்பட்ட திருமணம் அது. ருக்மாபாய் அவரோடு வாழ்ந்ததே இல்லை. 1885இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. 1887இல், கணவனிடம் போக வேண்டும் அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். 1888இல் 2,000 ரூபாய் கொடுத்து வழக்கு சமரசமாக முடிந்தது. பிறகு அவர் லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்தில் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார்.

அவருக்கு நல்ல வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஆதரவாளர்கள் இருந்தார்கள், பத்திரிகையில் எழுதும் திறமையும் இருந்தது. இவை எதுவும் இல்லாத பெண் என்ன செய்வாள் என்ற கேள்வியைச் சட்டம் அப்போது கேட்கவேயில்லை.

நம் பக்கத்தில் பல சாதிகளில் அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது. பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டுப் பெண் வேறு மணம் செய்துகொள்ள முடிந்தது. ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசியவர்கள் ஆண்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இருபது ஆண்டு கழித்து, 1949இல், சென்னை மாகாணம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. கொடுமையும் கைவிடுதலும் விவாகரத்துக்கான காரணங்களாக அதில் சேர்ந்தது 1976இல். பெண்கள் கேட்டுப் பெற்ற இந்தக் காரணங்களைத்தான் இன்று கணவன்மார் தங்கள் மனுக்களிலும் எழுதுகிறார்கள்.

1974இல் சட்ட ஆணையத்தின் 59ஆம் அறிக்கையும், பெண்களின் நிலையை ஆராய்ந்த குழுவின் ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கையும் குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்றன. பெண்கள் அமைப்புகளும் அதையே வலியுறுத்தின. அதன் பலன் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம். அதன் 13ஆம் பிரிவின்படி, அங்கே வழக்கறிஞர் மூலம் வாதாடுவதை யாரும் உரிமையாகக் கோர முடியாது. வழக்காடுபவரே பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல், உண்மையை அறிய உதவும் எந்த ஆவணத்தையும் ஏற்கலாம் என்கிறது. குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இந்த வழக்குகள் சாதாரண உரிமையியல் நீதிமன்றங்களில் நடக்கின்றன. அங்கேயும் ஒருவர் தாமே ஆஜராகலாம்.

நடைமுறை வேறு. அனுமதி பெற்று வக்கீல்கள் வருகிறார்கள். அதற்குப் பணம் பெரும்பாலும் கணவனிடம்தான் இருக்கிறது. வக்கீல் வேண்டாம் என்ற ஏற்பாடு, வக்கீல் வைக்க முடியாத பெண்ணைத் தனியே நிறுத்தும் ஏற்பாடாகவும் ஆகிவிடக்கூடும். இதற்கு மாற்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்தால் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். வருமான வரம்பு கிடையாது. மாவட்ட ஆணையத்திலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ மனுக் கொடுத்தால் போதும்.

வக்கீல் வந்தாலும் வராவிட்டாலும், பதில் அவளுடையதாக இருக்க வேண்டும். அழைப்பாணையை வாங்க மறுப்பதால் வழக்கு நிற்காது. கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் சேர்ந்ததாகவே கணக்கு. குறித்த தேதியில் ஆஜராகி, பதில் மனுவுக்கு வாய்தா கேட்கலாம். பதில் மனு தாக்கல் செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் தருவது 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் 90 நாள் வரை. ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். யாரும் எதிர்க்காவிட்டாலும் காரணம் நிரூபிக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஆனால் எதிரே யாரும் இல்லாத கூடத்தில் அவன் சொல் மட்டுமே சாட்சி. அந்தத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள் உண்டு. அழைப்பாணை முறையாகச் சேரவில்லையென்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். மேல்முறையீட்டுக் காலமும் கடந்துவிட்டால் அவன் மறுமணம் செய்துகொள்ளலாம்.

பதில் மனுவில் ஒரு விதி முக்கியம்: குறிப்பாக மறுக்காத குற்றச்சாட்டு ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். எல்லாம் பொய் என்று ஒரு வரியில் முடித்தால் போதாது. மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் வேண்டும்: எது உண்மை, எது பொய், எது தனக்குத் தெரியாது. தாய்வீட்டுக்குப் போன தேதி என்ன, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, யார் வந்து பேசினார்கள். தமிழிலேயே எழுதலாம், கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்குச் சட்டப்படி இடம் உண்டு. தனக்கும் நிவாரணம் வேண்டுமென்றால் 23-அ பிரிவின்படி எதிர்க்கோரிக்கையையும் அதிலேயே வைக்கலாம். வழக்குச் செலவும் மாதச் செலவும் கேட்டு 24ஆம் பிரிவில் தனி மனு. விவாகரத்து ஆன பிறகும் 25ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்க வழி உண்டு.

ஜீவனாம்ச மனு வந்ததும், தனக்கு வருமானம் குறைவு என்று அவன் சொல்வான். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில், ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. அங்கேதான் தறி எழுதப்பட வேண்டும். தறி எத்தனை, மாதம் எத்தனை சேலை இறங்கியது, கூலி எவ்வளவு, பாவு யார் கொடுத்தார்கள், இழைத்தது யார், தார் சுற்றியது யார். கூலிச் சீட்டு, சங்கத்துப் பாஸ்புத்தகம், தறியருகே எடுத்த புகைப்படம் எல்லாம் இணைக்கத் தக்கவை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், மனைவியின் வீட்டு உழைப்பும் சொத்து சேர்வதில் பங்களிப்புதான் என்று ஏற்று, சொத்தில் பாதிப் பங்கு தந்தது. வீட்டு வேலைக்கே அந்த மதிப்பென்றால், சேலையாக விற்றுப் பணமான உழைப்பை எழுதாமல் விடுவதற்குக் காரணம் இல்லை.

ஆரணிப் பட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஜாகீர்தார்களையும் சங்கங்களையும் புவிசார் குறியீட்டையும் எழுதுகிறார்கள். இழை சுற்றியவள் அதில் இல்லை. நாலு பக்கப் பதில் மனுவில் அவள் தன் பெயரிட்டு, தேதியிட்டு, தன் வேலையைக் கணக்காக எழுதிக் கையெழுத்துப் போடும்போது, அது நீதிமன்றக் கட்டில் சேர்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் அந்தத் தாள் அங்கே இருக்கும்.