தலைவலி மாத்திரையின் வரவும் பற்றும்



'தினம் ஒரு ஆஸ்பிரின், புற்றுநோய் அண்டாது' என்று நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அண்ணனைக் குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவன் நான். உடனே மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். 34 வருடம் வங்கியில் லெட்ஜர் பார்த்த பழக்கம் வாசலில் நிறுத்தியது. வரவு மட்டும் எழுதிய கணக்கை நம்பலாமா?

முதலில் வரவு. 1763-ல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வில்லோ மரப்பட்டைத் தூள் காய்ச்சலைத் தணிப்பதாக எழுதினார். 1897-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரின் உருவானது. அது உடலில் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுத்து வீக்கத்தையும் வலியையும் குறைக்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். 1982-ல் நோபல் பரிசு பெற்றார்.

1988-ல் மெல்போர்னில் ஓர் ஆய்வு, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் குடல் புற்றுநோய் குறைவு என்றது. 1991-ல் அமெரிக்காவில் 6,62,424 பேரைக் கவனித்த ஆய்வும் அதையே சொன்னது. பிறகு பரம்பரையாகக் குடல் புற்றுநோய் வரும் 'லிஞ்ச்' குறைபாடு உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்தே சோதித்தார்கள். பல வருடம் கழித்துப் பலன் தெரிந்தது. 2025-ல் ஸ்வீடன் ஆய்வில், குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்த குடல் புற்றுநோயாளிகளுக்கு நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியானது.

இனி பற்று. 2018-ல் வெளியான ஆய்வில், ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் ஆரோக்கியமாக இருந்த 19,114 முதியவர்களில் ஒரு பாதிக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். அவர்களிடம் ரத்தக்கசிவு கூடியது. புற்றுநோய் மரணமும் குறையவில்லை, கூடியது! அந்த புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவரையும் காக்கிறது. ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வந்து முதுகுவலிக்கு டைக்ளோபெனாக் போடும் பிள்ளைகளே, அதுவும் இதே வகைதான்.

நம் நாடும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உதவுமா என்று பார்க்க பிரிட்டனில் 2015-ல் தொடங்கிய 'ஆட்-ஆஸ்பிரின்' சோதனையில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்தது.

நான் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போனேன். அண்ணன் கதையைக் கேட்டவர் ஆஸ்பிரின் எழுதவில்லை, கொலனோஸ்கோப்பி எழுதினார். அடுத்த செவ்வாய்க்கிழமை போகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.