ஏணியும் தண்ணீர்ப் பீப்பாயும்: இஸ்தான்பூல் மஹல்லாக்களின் தீயணைப்புத் தொண்டர்கள்

மாலை மத்ரஸாவில் ரியாளுஸ் ஸாலிஹீன் பாடம் நடந்துகொண்டிருந்தது. உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரியவிடலாகாது என்னும் தலைப்பை அன்று எடுத்திருந்தோம். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதிலிருந்தோருடன் தீப்பற்றிய செய்தியும், அதைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நெருப்பை மனிதனின் பகையென்று எச்சரித்து, தூங்குமுன் அணைத்துவிடும்படி அறிவுறுத்தியதும் அங்கே வருகின்றன. பாடம் முடியும் தறுவாயில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "ஹஸ்ரத், அந்தக் காலத்தில் தீயணைப்பு வண்டி கிடையாதே. வீடு பற்றிக்கொண்டால் யார் வந்து அணைப்பார்கள்?" என்று கேட்டான்.

"அக்கம்பக்கத்தார்தாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விட்டோம். வீடு திரும்பிய பின் அந்த விடை நம்மை உறுத்திற்று. அக்கம்பக்கத்தார் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடலாம். நள்ளிரவில் அவர்களை எழுப்புவது யார்? ஏணி எவர் வீட்டில் இருக்கும்? தண்ணீர் எங்கிருந்து வரும்? எரியாத வீட்டையும் இடித்தால்தான் தீ நிற்கும் என்ற நிலை வந்தால், இடிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இக்கேள்விகள் அனைத்திற்கும் பல நூற்றாண்டுகள் தன் உடலாலேயே விடை தேடிய முஸ்லிம் நகரம் ஒன்றுண்டு. அதுதான் உஸ்மானியரின் தலைநகரான இஸ்தான்பூல்.

1509ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நகரைப் பெரும் பூகம்பம் ஒன்று தாக்கியது. மக்கள் அதைச் 'சின்ன கியாமத்' என்றே அழைத்தனர். கல் வீடுகள் தலைமேல் சரிந்ததைக் கண்டவர்கள் அதன்பின் மரவீடுகளையே பெரிதும் விரும்பினர். மரம் நிலநடுக்கத்தைத் தாங்கியது, நெருப்பைத் தாங்கவில்லை. குறுகலான தெருக்கள், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மாடங்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே வைக்கும் கரியடுப்பு, கடலிலிருந்து வீசும் பலத்த காற்று ஆகியவை சேர்ந்தபோது ஒரு சிறு பொறியே போதுமானதாயிற்று. 1660ஆம் ஆண்டுத் தீ நகரின் பெரும்பகுதியை விழுங்கியது. 1782இல் மீண்டும் பேரழிவு நேர்ந்தது. இடைப்பட்ட சிறு தீக்களைக் கணக்கிட்டு முடியாது.

தொடக்கத்தில் ஆட்சியாளர் கண்ட வழி எளியது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இஸ்தான்பூல் காழிக்கு அனுப்பப்பட்ட அரசாணை, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் கூரையை எட்டும் உயரத்தில் ஓர் ஏணியும் ஒரு பீப்பாய் தண்ணீரும் வைத்திருக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. தீ கண்டால் ஓடிவிடாமல், படையினர் வந்து சேரும்வரை அண்டை வீட்டாருடன் நின்று அணைக்க முயல வேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஆணை காழியின் பெயருக்குச் சென்றதைக் கவனிக்க வேண்டும். தீத்தடுப்பும் அன்று மார்க்கச் சட்டம் அறிந்தவரின் கண்காணிப்பில் இருந்தது.

அந்நகரின் அடிப்படை அலகுக்கு அவர்கள் இட்ட பெயர் 'மஹல்லே'. நாம் இன்றும் ஜமாஅத் கடிதங்களில் எழுதும் மஹல்லா என்னும் சொல்தான் அது. ஒரு பள்ளிவாசல், சில தெருக்கள், ஒரு பொதுக் குழாயடி, ஓர் இமாம் என்று அமைந்த அந்த மஹல்லே பெருநகருக்குள் ஒரு சிற்றூராகவே வாழ்ந்தது. 1829இல் முக்தார் என்னும் பதவி இஸ்தான்பூலில் ஏற்படுத்தப்படும்வரை அரசின் கண்ணில் அதன் தலைவர் இமாமே. புதிதாகக் குடிவருவோருக்குப் பிணை நிற்பது முதல் வரிச்சுமையைப் பங்கிடுவது வரை அவர் பொறுப்பில் நடந்தன. பல மஹல்லேக்களுக்கு 'அவாரிஸ் வக்ஃபு' என்னும் பொதுநிதி இருந்தது. திடீரென விதிக்கப்படும் வரியைக் கட்ட இயலாத ஏழை, மருந்துக்கு வழியில்லாத நோயாளி, கஃபன் துணிக்கு ஆளில்லாத மையித்து ஆகியோருக்கு அந்நிதி கைகொடுத்தது. இத்தகைய கட்டமைப்பு ஏற்கெனவே இருந்ததால்தான் தீயணைப்பும் பின்னர் மஹல்லேயின் தோளில் எளிதாக ஏறிக்கொண்டது என்பது நம் கருத்து.

தண்ணீர் பீய்ச்சும் கைப்பம்பு அங்கு வந்த கதை சுவையானது. பிரான்சிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்பவர் அதை அறிமுகப்படுத்தினார். வரலாற்றில் அவருக்குக் 'கெர்ச்செக் தாவூத்', அதாவது உண்மையான தாவூத், என்று பெயர். மூன்றாம் அஹ்மத் சுல்தானின் காலத்தில், 1720ஆம் ஆண்டளவில், அவரைத் தலைவராகக் கொண்டு ஜானிஸரிப் படையின் ஓர் அங்கமாகத் தீயணைப்பு அணி ஒன்று நிறுவப்பட்டது. பம்புக்குத் துருக்கியில் துலும்பா என்று பெயர். அதை இயக்குவோர் துலும்பாஜிகள் ஆயினர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர்களைச் சேர்த்துத் தோல் வாளிகளுடன் புகழ்பெற்ற தொண்டர் அணியைத் தொடங்கியது 1736இல்தான்.

1826ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரண்டாம் மஹ்மூத் சுல்தான் ஜானிஸரிப் படையை ஒழித்தார். அதனுடன் இணைந்திருந்த தீயணைப்பு அணியும் கலைந்தது. இரண்டு மாதம்கூட நகரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆகஸ்டில் ஹோஜாபாஷா பகுதியில் எழுந்த தீ நகரின் நடுப்பகுதியை நாசமாக்கிற்று. அணைக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இல்லை! அரசு அவசரமாகப் புதிய அணியைத் திரட்டியது. ஆயினும் அந்த நூற்றாண்டில் மக்கள் மனத்தில் நிலைத்தவர்கள் மஹல்லே துலும்பாஜிகளே. படகோட்டிகள், சுமைதூக்குவோர், மீனவர், பட்டறைத் தொழிலாளர் எனப் பகலில் தத்தம் தொழிலைப் பார்த்தவர்கள், குரல் கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினர்.

அந்தக் குரல் எழும் முறையைச் சொல்லியாக வேண்டும். 1828இல் கல்லால் எழுப்பப்பட்ட பயஸீத் கோபுரத்தின் உச்சியில் காவலர்கள் இரவும் பகலும் விழித்திருந்தனர். புகையைக் கண்டதும் பகலெனில் கொடியும் கூடையும், இரவெனில் விளக்கும் தொங்கவிட்டுத் திசையைக் காட்டினர். கோபுரத்திலிருந்து ஓட்டக்காரர்கள் கிளம்பிச் செய்தியை மஹல்லேக்களுக்குக் கொண்டுசென்றனர். ஒவ்வொரு மஹல்லேயிலும் பெக்சி எனப்பட்ட இரவுக் காவலர், இரும்புப் பூண் இட்ட தடியால் தெருக் கல்லைத் தட்டியபடி, "யாங்கின் வார்!" என்று முழங்கி, தீ எங்கே என்று இடத்தையும் சொல்லிச் செல்வார். 'தீ உண்டு' என்பது அதன் பொருள். ரமளான் வந்துவிட்டால் இதே பெக்சிதான் முரசு கொட்டிச் சஹருக்கு எழுப்புவார். நம் ஊர்களில் சஹர் பாவாவின் தப்ஸ் ஓசைக்கு விழித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இஸ்தான்பூல்காரர்கள் தடியோசை கேட்டவுடன் ஒரு கணம் மூச்சை அடக்கி, எந்த மஹல்லேயின் பெயர் வருகிறது என்று காதைத் தீட்டியிருப்பார்கள்.

பம்பு பொருத்திய மரப்பெட்டிக்கு அவர்கள் 'சந்தூக்' என்று பெயரிட்டனர். நம் வழக்கில் ஜனாஸாவைச் சுமக்கும் பெட்டியும் சந்தூக்தான். செங்குத்தான சந்துகளில் சக்கர வண்டி ஏறாது. எனவே நீண்ட கழிகளில் கட்டிய அப்பெட்டியை நால்வர் தோளில் சுமந்து ஓட்டமாக ஓடினர். களைத்தவர் தோளை மாற்றிக்கொள்ள இன்னொரு குழு உடன் ஓடும். முன்னே விளக்கு ஏந்துபவர், வழிநடத்தும் ரயீஸ், பீய்ச்சுங்குழலைப் பிடிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் இடம் வகுக்கப்பட்டிருந்தது. பெட்டிக்குள் தண்ணீரை ஊற்றுவது தோற்பை சுமந்த சக்காக்களின் வேலை. வக்ஃபாகக் கட்டப்பட்ட குழாயடிகள் அந்நேரம் உயிர் காக்கும் ஊற்றுகளாயின. யூதர், அர்மேனியர், கிரேக்கர் வாழ்ந்த மஹல்லேக்களுக்கும் தத்தம் அணிகள் இருந்தன. தீ அடுத்த சந்துக்குத் தாவுகையில் அங்கே வாழ்வது யாரென்று கேட்பதில்லை.

உண்மையைச் சொன்னால் அச்சிறு பம்பால் எரியும் மரவீட்டை அணைப்பது அரிது. பக்கத்து வீட்டுச் சுவரை நனைத்துவைக்கலாம், அவ்வளவே. பெருந்தீயை நிறுத்தியவை கோடரியும் கொக்கியும்தாம். தீயின் பாதையில் உள்ள வீடுகளை இடித்து வெட்டவெளி உண்டாக்கினர். இங்கேதான் ஃபிக்ஹு நுழைகிறது. எரியாத ஒருவரின் வீட்டை இடிப்பது எப்படி ஆகும்? 1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையில் ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட உஸ்மானியச் சிவில் சட்டமாகிய 'மஜல்லா', பொதுத் தீங்கைத் தடுக்கத் தனிமனிதருக்கு நேரும் தீங்கை ஏற்கலாம் என்னும் விதியை 26ஆம் பிரிவில் வைத்தது. 919ஆம் பிரிவு தீயைப் பற்றியே பேசுகிறது. அண்டையில் தீ பரவும்போது உரிமையாளரின் அனுமதியின்றி ஒருவர் ஒரு வீட்டை இடித்து, தீ அங்கே நின்றுவிட்டது என்று கொள்வோம். அதிகாரத்தில் உள்ளோரின் கட்டளைப்படி இடித்திருந்தால் அவர்மேல் இழப்பீடு இல்லை. தம் விருப்பப்படி இடித்திருந்தால் ஈடு கொடுக்க வேண்டும்.

நல்ல நோக்கத்தோடு, நல்ல பலனும் விளைந்த பின்னர் ஏன் ஈடு கொடுக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். அச்சட்டத்தை வகுத்தவர்கள் தீக்களத்தைப் பார்த்த ஊரில் வாழ்ந்தவர்கள். புகை மண்டிய இரவில் கோடரி ஏந்திய எவரும் பொதுநன்மையின் பெயரால் பிறர் கதவைப் பிளக்கலாம் என்று விட்டுவிட்டால், தீயை விடக் கோடரியே அதிக வீடுகளை அழிக்கும். பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள இதைவிட வாய்ப்பான நேரம் ஏது? தொண்டனின் நற்செயல் அடுத்தவரின் உரிமையை இல்லாமலாக்கிவிடாது என்பதைச் சட்டம் அங்கே காத்து நின்றது. நம்மை மிகவும் கவர்ந்த இடம் இதுவே. பர்ளு கிஃபாயாவைப் பற்றிப் பாடம் நடத்துகையில், சிலர் செய்துவிட்டால் மற்றவர்மீது குற்றமில்லை என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அந்தச் சிலர் எந்த வரம்புக்குள் அதைச் செய்ய வேண்டும் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

துலும்பாஜிகளுக்கு அந்த வரம்பு எப்போதும் நினைவில் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. தீயிடத்திற்கு முதலில் போய்ச் சேரும் அணிக்கே பெருமை என்பதால் ஓட்டம் போட்டியாயிற்று. போட்டி முற்றி, குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு அணிகள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அடித்துக்கொண்டதும் உண்டு. அதற்குள் வீடு எரிந்து தீரும். தண்ணீர் பீய்ச்சுமுன் கூலி பேசினார்கள், சாமான்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அபகரித்தார்கள் என்னும் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. இரவுகளை அவர்கள் கழித்த காப்பிக்கடைகள், ரமளான் மாதத்தில் பாட்டுப் போட்டிக்குப் பேர்போன இடங்களாயின. வரலாற்றாசிரியர் ரஷாத் அக்ரம் கோச்சு அவர்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். வீரமும் ரவுடித்தனமும் ஒரே மனிதர்களிடம் கலந்திருந்தன. இன்றும் துருக்கியில் ஒருவரைத் துலும்பாஜி என்றால் முரடன் என்று பொருள்படும்.

இதைப் படிக்கும் சகோதரர்கள் சிலர், முஸ்லிம்களின் குறையை ஏன் கிளற வேண்டும் என்று வருந்தக்கூடும். குறையை மறைத்து எழுதினால் அந்தப் படகோட்டியும் சுமைதூக்கியும் நெருப்புக்குள் புகுந்த துணிவும் நம்பத் தகாததாகிவிடும். தீயில் வெந்து இறப்பவரையும் ஷஹீதுகளில் ஒருவராக எண்ணும் சமுதாயத்தின் பிள்ளைகள் அவர்கள். பெருமையடிக்க ஓடினாலும் ஓடியது நெருப்பை நோக்கித்தான்.

1870 ஜூனில் பேரா பகுதி எரிந்தபின் அரசு மனம் மாறியது. புடாபெஸ்டில் தொண்டர் தீயணைப்பு அணியை நிறுவிய ஹங்கேரியப் பிரபு ஓடன் சேச்சனியை வரவழைத்தது. 1874இல் வந்த அவர் இராணுவ ஒழுங்குடன் தீயணைப்புப் படையை உருவாக்கினார். கிறிஸ்தவராகவே இருந்து பாஷா பட்டம் பெற்று, 1922இல் இஸ்தான்பூலிலேயே மறைந்தார். மஹல்லே அணிகளோ அப்படையின் அருகிலேயே இன்னும் பல்லாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. 1923 செப்டம்பரில் தீயணைப்பு நகராட்சியின் கைக்கு வந்தது. மோட்டார் பம்புகளும் வந்தன. தோளில் சுமந்த பெட்டிகள் அருங்காட்சியகத்திற்குப் போயின. துலும்பா என்னும் பெயர் இனிப்புப் பலகாரம் ஒன்றிலும் எஞ்சியிருக்கிறது. மாவை ஒரு குழல் வழியே பிழிந்து பொரித்துப் பாகில் ஊறவைப்பதால் அப்பெயர்.

மறுவாரம் இவற்றையெல்லாம் மத்ரஸாவில் சொன்னோம். அனைவரும் ஆவலுடன் கேட்டனர். கேள்வி கேட்ட பையன் மட்டும் கைதூக்கி, "நம்ம மஹல்லாவில் ஏணி எங்கே இருக்கு, ஹஸ்ரத்?" என்றான். மோதினாரிடம் விசாரித்தோம். பள்ளிவாசலின் பின்புறம், ஹவுளுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. மினாராவின் விளக்கை மாற்ற வாங்கியது. மேலிருந்து மூன்றாவது படி உடைந்திருந்தது. தச்சரிடம் சொல்லியிருக்கிறோம்.