பெருங்காற்று அடித்த இரவு

சார்லஸ் பூத் கப்பல் கம்பெனி முதலாளி. தன் சொந்தக் காசில் ஆட்களை வைத்து லண்டன் மக்களைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தார். நகரத்தில் சுமார் 30 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கை காட்டியது. குடியும் சோம்பலும்தான் ஏழ்மைக்குக் காரணம் என்று மேல்தட்டு நம்பிக்கொண்டிருந்த காலம். வயதாகிவிடுவதே ஒரு பெரிய காரணம் என்று பூத் வாதிட்டார். முதியவர்களுக்கு அரசே பணம் தர வேண்டும் என்ற கோரிக்கைக்கு இப்படிப்பட்ட கணக்குகள் பலம் சேர்த்தன. 1908இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை நிறைவேற்றியது.

எழுபது வயது நிரம்பி, ஆண்டு வருமானம் 21 பவுண்டைத் தாண்டாதவருக்கு வாரம் 5 ஷில்லிங். சந்தா எதுவும் கட்டியிருக்க வேண்டியதில்லை, தபால் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். 1909 ஜனவரி 1 அன்று பட்டுவாடா தொடங்கியது. அப்போது அயர்லாந்தும் பிரிட்டனின் கீழ்தான் இருந்தது. அங்கே ஒரு விவசாயக் கூலியின் வாரச் சம்பளத்தில் அது ஏறக்குறைய பாதி.

புள்ளிவிவரம் கொண்டுவந்த சட்டம், அயர்லாந்தில் புள்ளிவிவரம் இல்லாமல் முட்டி நின்றது. அங்கே பிறப்புகளை அரசு பதிய ஆரம்பித்ததே 1864இல்தான். 1909இல் எழுபது வயதுக்காரர் என்றால் 1839இலோ அதற்கு முன்னாலோ பிறந்திருக்க வேண்டும். அவருக்கு எந்தச் சான்றிதழ் இருக்கும்? தேவாலயப் பதிவேடுகளும் எல்லா ஊரிலும் ஒழுங்காக இல்லை.

அப்போது கைகொடுத்தது ஒரு புயல். 1839 ஜனவரி 6 இரவு அயர்லாந்தைப் புரட்டிப்போட்ட காற்றை அந்த மக்கள் ‘பெருங்காற்று’ என்றே சொல்வார்கள். ஓய்வூதியம் தொடங்கிய நாளுக்குக் கிட்டத்தட்ட எழுபது வருஷம் முன்னால். “பெருங்காற்று அடிச்சப்ப நான் இருந்தேன், நல்லா நினைவிருக்கு” என்று சொன்னால் பல உள்ளூர்க் குழுக்கள் அதையே வயதுச் சான்றாக எடுத்துக்கொண்டன. யோசித்துப் பார்த்தால் இது தாராளமான சோதனையே இல்லை. அந்த இரவை நினைவு வைத்திருக்க அப்போது மூன்று நான்கு வயதாவது ஆகியிருக்க வேண்டும். நேர்மையாகப் பின்பற்றினால் எழுபது, எழுபத்தொன்று வயதுக்காரர்கள் கழிந்துபோவார்கள். நடந்தது என்னவோ நேரெதிர். நாட்டுக்கே அந்த இரவு நினைவுக்கு வந்துவிட்டது!

மொத்த பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தின் மக்கள்தொகையில் அயர்லாந்தின் பங்கு பத்தில் ஒன்று. ஓய்வூதியம் வாங்கியவர்களிலோ ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையவில்லை. 1901, 1911 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் பத்து ஆண்டில் பதினைந்து வயது கூடியவர்கள்கூடக் கிடைக்கிறார்கள். லண்டனில் சிரித்தார்கள், ஐரிஷ்காரன் புரட்டன் என்றார்கள்.

பொய் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பங்கு வீங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1845இல் தொடங்கிய பஞ்சத்துக்குப் பிறகு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிவிட்டார்கள். அதனால் மிச்சமிருந்தவர்களில் முதியவர்களின் விகிதமே அதிகம். வருமானம் குறைவு என்பதால் வரம்புக்குள் வந்தவர்களும் அதிகம். ‘மோசடி’ என்று ஒரே வார்த்தையில் படித்த எண்ணுக்குள் ஒரு பஞ்சமும் ஒரு குடிபெயர்வும் இருந்தன.

சந்தேகப்பட்ட அரசு பழைய கட்டுகளைப் பிரித்தது. விண்ணப்பதாரர் பெற்றோர் பெயரையும் ஊரையும் எழுதித் தந்தால், டப்ளின் ஆவணக் காப்பகத்தில் 1841, 1851 கணக்கெடுப்புத் தாள்களில் அந்தக் குடும்பத்தைத் தேடுவார்கள். குழந்தையாக அவர் பெயர் அதில் இருந்தால் வயது உறுதி. ஆனால் எழுத்துப் பிழையோ, குடும்பம் ஊர் மாறியதோ, தாள் தொலைந்ததோ எதுவாக இருந்தாலும் கஷ்டம் கிழவிக்குத்தான்.

1922 ஜூன் 30இல், உள்நாட்டுப் போரின்போது, அந்தக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1841, 1851 தாள்களில் பெரும்பகுதி சாம்பல். ஓய்வூதியத்துக்காகத் தேடி எழுதிவைத்த படிவங்கள் மட்டும் பிழைத்தன. முதியவரின் சொல்லை நம்பாமல் எழுதிய குறிப்புகளில்தான் இன்று பல ஐரிஷ் குடும்பங்கள் தங்கள் முன்னோரைக் கண்டுபிடிக்கின்றன.

இதெல்லாம் நமக்குத் தூரத்துக் கதை இல்லை. இந்தியாவில் பிறப்புப் பதிவை நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது 60. இப்போது அதற்கு விண்ணப்பிப்பவர்கள் அந்தச் சட்டத்துக்கு முன்னால் பிறந்தவர்கள். “தனுஷ்கோடிப் புயல் அப்ப நான் கைக்குழந்தை” என்று நம் பாட்டி சொல்வதும் பெருங்காற்றுச் சாட்சியமும் ஒரே மாதிரிதான்.

ஆனால் என் தொழிலில் புயலை எழுதக் கட்டம் கிடையாது. பிறந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால்தான் எத்தனையோ ஆதார் அட்டைகளில் ஜனவரி 1 என்று இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஆதார் மையத்தில் தட்டிய தேதி இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாதபோது திரை யாரைச் சந்தேகப்படுகிறது? இரண்டில் எதையும் போடாத பாட்டியை.

டப்ளினில் தாள் கிடைக்காத முதியவருக்கும் உள்ளூர்க் குழு என்று ஒன்று இருந்தது. முகம் பார்த்து, ஊரை விசாரித்து, சில சமயம் ஏமாந்தும், முடிவெடுத்தது. அந்த ஏமாற்றத்துக்கான செலவு அரசின் கணக்கில் போனது. பதிவு செய்யத் தவறியது அரசு என்றால் அந்தச் செலவு அங்கேதான் போக வேண்டும்.