டேனிய மொழி இலக்கணம்

டென்மார்க்கின் மொழியான டேனிய மொழி, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் வட ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. இதன் பெயர்ச்சொற்கள் பொதுப்பால், அஃறிணைப்பால் என இரு பால்களாகப் பிரியினும், பொருளைக் கொண்டு பாலை அறிவது பெரும்பாலும் இயலாதாகையால், ஒவ்வொரு சொல்லையும் அதன் பாலோடு சேர்த்தே மனத்தில் இருத்த வேண்டும். குறிப்பிட்ட பொருளைச் சுட்டும் சுட்டுருபு சொல்லின் இறுதியில் ஒட்டி வரும்: ‘எத் ஹூஸ்’ என்பது ஏதோ ஒரு வீடு, ‘ஹூஸெத்’ என்பது தெரிந்த அந்த வீடு. இடையில் பெயரடை புகுந்தால் உருபு நீங்கி, ‘தே ஸ்தோர ஹூஸ்’ (அந்தப் பெரிய வீடு) எனத் தனிச்சொல் முன்னே நிற்கும்.

வினைச்சொல் எளிது; தமிழைப் போலன்றி, எண், இடத்திற்கேற்ப விகுதி பெறாமல், ‘கொமர்’ (வருகிறது) எல்லா எழுவாய்க்கும் மாறாது நிற்கும்.

மொழியின் உயிர்நாடி சொல்வரிசையே ஆகும். செய்தி வாக்கியத்தில் முதலிடத்தில் எது நின்றாலும் திரிபுபெற்ற வினை இரண்டாம் இடத்தை விடாது. ‘யாய் ட்ரிகர் கஃபே’ (நான் காப்பி குடிக்கிறேன்) என்னும் வாக்கியம் ‘இன்று’ என்று தொடங்கினால், ‘ஈ டே ட்ரிகர் யாய் கஃபே’ என எழுவாய் வினைக்குப் பின்னே சென்றுவிடும். முதன்மை வாக்கியத்தில் வினையைத் தொடரும் ‘இக்க’ என்னும் எதிர்மறைச் சொல் (‘ஹன் கொமர் இக்க’, அவன் வருவதில்லை), சார்பு வாக்கியத்தில் வினைக்கு முன்னே வந்துவிடுவதால் (‘அத் ஹன் இக்க கொமர்’, அவன் வருவதில்லை என்று), தொடக்க நிலையினர் மிகுதியாகத் தடுமாறுவது இங்கேதான். இச்சொல்வரிசையை டேனிய மொழியியலாளர் பால் திதரிக்ஸன் 1946இல் வெளியிட்ட இலக்கண நூலில் கட்டங்களாக வகுத்தார்; டேனிய மொழிக் கல்வியில் அக்கட்டமைப்பு இன்றும் பயன்படுகிறது.