சேதுபதியின் சுவரும் சின்னத்திரையும்

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ தொலைக்காட்சியில் எத்தனை முறை வந்தாலும் நாம் உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம். பி. ஆர். பந்துலு இயக்கி 1959-இல் வெளிவந்த படம். வரி கேட்ட துரையிடம் சிவாஜி கணேசன் சீறும் காட்சியை மனப்பாடமாக ஒப்பிப்போர் இன்றும் உண்டு. ஆயினும் நம்மைக் கட்டிப்போடுவது வீரம் மட்டுமன்று. வெள்ளையம்மாளின் காளையை வெள்ளையத்தேவன் அடக்குவதும், அதிலிருந்து துளிர்க்கும் காதலும், பட்டும் நகையும் மின்னும் அரண்மனையும் சேர்ந்த சுவை அது.

சரித்திரத்தில் இத்தனை சிங்காரம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்களை இராமநாதபுரத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் நேருக்கு நேர் நின்றது அங்குள்ள இராமலிங்க விலாசத்தில். 1798 செப்டம்பர் 10 அன்று. குற்றாலத்திலிருந்து ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டு வந்த பாளையக்காரரை இருக்கை தராமல் நிற்கவைத்தே கணக்குக் கேட்டார் ஜாக்சன். வெளியேறும்போது நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார், தானாபதிப் பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார். மறு ஆண்டு அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் கைகலப்பைப் பார்த்திருந்த சுவர்கள் வெற்றுச் சுவர்கள் அல்ல. கிழவன் சேதுபதி எழுப்பிய மண்டபத்தில், அவருக்குப்பின் 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் ஓவியங்கள் தீட்டப்பட்டன. தஞ்சை மராட்டியருடன் போர், ஐரோப்பியரின் வருகை, இராமாயணக் காட்சிகள் ஆகியவற்றோடு, மன்னர் மகளிரோடு களித்திருக்கும் காட்சிகளும் வரிசை வரிசையாகத் தொடர்கின்றன. ஆடை மடிப்பும் அணிகலனும் தலைப்பாகையும் அத்தனை கவனத்தோடு வரையப்பட்டுள்ளன. போரும் காதலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் அந்த அரசவை எந்தக் கூச்சமும் கொள்ளவில்லை.

பாட்டிலும் அவ்வாறே. ரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராக்கிப் பொன்னாங்கால் அமிர்தகவிராயர் பாடிய ஒருதுறைக்கோவை, ‘நாணிக் கண்புதைத்தல்’ என்னும் ஒரே அகத்துறையில் 400 பாடல்களைக் கொண்டது. தலைவி நாணத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு கணம். அதற்கு நானூறு கோணங்கள். வாரக்கணக்கில் ஒரே பார்வையை நீட்டும் நம் தொடர்கள் கவிராயரிடம் பாடம் கேட்கலாம்!

ஆக, சிங்காரம் சரித்திரத்திற்குப் பகையன்று. எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதே கேள்வி. அந்த மண்டபத்தின் உரிமையாளரான முத்துராமலிங்க சேதுபதி 1798-இல் அங்கு இல்லை. 1795-லேயே கும்பினியார் அவரைப் பதவி நீக்கிச் சிறைவைத்துவிட்டனர். 1809-இல் சிறையிலேயே இறந்தார். சேதுபதிகளின் வீட்டில் அமர்ந்துதான் ஜாக்சன் இன்னொருவரிடம் கணக்குக் கேட்டார். இந்தக் கசப்பு தெரிந்தால் அந்தக் காட்சியின் கோபம் குறையாது, இருமடங்காகும்.

இராமலிங்க விலாசம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஓவியங்கள் பல இடங்களில் மங்கியும் சிதைந்தும் காணப்படுகின்றன. இராமேசுவரம் செல்லும் பேருந்துகள் அந்த ஊர் வழியாகவே போகின்றன. படத்தைப் பத்தாவது முறை இரசித்தவர்கள், ஒருமுறையேனும் அங்கு இறங்கி அந்தச் சுவர்களையும் பார்த்துவிட்டுப் போகலாம்.